மீனெண்ணெயும் டீசலும்: நமது சங்கம் இறங்கத் தக்க தொழிலா?

டீசல் விலை ஏறும்போதெல்லாம் மாற்று எரிபொருளைப் பற்றிய பேச்சு நமது கிராமங்களில் எழுவது வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு காட்டாமணக்கைப் பற்றிப் பேசினோம். பிறகு புங்கன் விதையைப் பற்றிப் பேசினோம். இப்பொழுது மீனெண்ணெயின் முறை வந்திருக்கிறது. மீன் கழிவிலிருந்து எண்ணெய் எடுத்து, அதனை டீசலுக்கு ஒப்பான எரிபொருளாக மாற்றலாம். அதனைக் கொண்டு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓட்டலாம். இதற்கென நமது கூட்டுறவுச் சங்கமே ஓர் ஆலையை நிறுவினால் என்ன என்று ஏனாத்தூரிலும் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் உள்ள அங்கத்தினர்கள் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. சங்கத்தின் ஒதுக்கு நிதி தறியிலும் வயலிலும் உழைத்தவர்களின் பணம். அதனை எதில் போடுவது என்று கேட்கவும், எதில் போடலாகாது என்று சொல்லவும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே ஆராய்ந்து, நமக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் எழுதுகிறோம்.

மீனெண்ணெயிலிருந்து டீசல் செய்ய முடியும் என்பதில் ஐயமில்லை. இது மூலிகைப் பெட்ரோல் போன்ற கண்கட்டு வித்தையன்று. டீசல் இயந்திரமே தொடக்க காலத்தில் தாவர எண்ணெயில் ஓடிக் காட்டிய இயந்திரம்தான். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் வகுத்த முறையில் அமைந்த ஓர் இயந்திரம் வேர்க்கடலை எண்ணெயில் இயங்கியது. நம் பக்கத்து மல்லாட்டைதான்! பிற்காலத்தில் மண்ணெண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெய் மலிவாகப் பெருகி வரவே, இயந்திரங்களின் அமைப்பு அதற்கேற்ப மாறியது. வேர்க்கடலை எண்ணெய் அடுப்பங்கரைக்குத் திரும்பியது. கடலை எண்ணெய் ஆயினும், புங்க எண்ணெய் ஆயினும், மீனெண்ணெய் ஆயினும் அடிப்படை அமைப்பு ஒன்றே. மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரினோடு பிணைந்திருப்பதே எண்ணெய். இந்தப் பிணைப்பினால் அது தடிப்பாக இருக்கிறது. டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடிப்பு. அப்படியே இயந்திரத்தில் ஊற்றினால் எரிபொருளைத் தூவும் நுண்துளைகள் அடைபடும், கரி படியும்.

ஆகவே அந்தப் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். எண்ணெயில் ஈரம் நீக்கி, மெத்தனால் என்னும் சாராயத்தையும், சிறிதளவு காஸ்டிக் சோடாவையும் சேர்த்து, சுமார் 60 டிகிரிச் சூட்டில் கலக்கினால் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினை விட்டு மெத்தனாலோடு சேர்ந்து கொள்கின்றன. கலவையை அசையாமல் வைத்தால் கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதே பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்கு 11 கிலோ மெத்தனால் செலவாகும். 100 கிலோ அளவுக்கு எரிபொருளும் 10 கிலோ அளவுக்குக் கிளிசரினும் கிடைக்கும். செலவாவது 11 கிலோவே எனினும், வினை முற்றுப்பெற வேண்டுமானால் அதைப்போல் இரு மடங்கு ஊற்றி, மிகுந்ததை மீண்டும் வடித்தெடுக்க வேண்டும். பின்னர் நீரால் கழுவி உலர்த்தவும் வேண்டும். தறிக்குச் சாயம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இவ்வேலையின் முறை ஒன்றும் அதிசயமாகத் தோன்றாது. அளவும் சூடும் பிசகினால் சரக்கு கெடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதில் மீனெண்ணெய்க்கென்றே சில குணங்கள் உள்ளன. மீன் விரைவில் அழுகும் பொருள். குடலும் தலையும் வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே எண்ணெயில் கொழுப்பு அமிலம் பிரிந்து புளிப்பேறத் தொடங்கும். அப்படிப்பட்ட எண்ணெயில் காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் டீசலுக்குப் பதில் சோப்பு உண்டாகும். இதனைத் தவிர்க்க, முதலில் கந்தக அமிலத்தைக் கொண்டு தனியே ஒருமுறை வினைப்படுத்த வேண்டியிருக்கிறது. மற்றொரு குணம், கடல் மீனின் எண்ணெய் காற்றுப்பட்டால் எளிதில் சிக்குப் பிடிக்கும், பிசினாக மாறும். மனிதனுடைய இதயத்திற்கு நல்லதென்று மருத்துவர்கள் எந்தக் கொழுப்பு அமிலங்களைப் புகழ்கிறார்களோ, அந்த ஒமேகா-3 அமிலங்களே இயந்திரத்துக்கு ஆகாதவை. ஐரோப்பிய நாடுகளின் பயோடீசல் தர அளவு, அயோடின் மதிப்பு 120-க்கு மேற்படலாகாது என்கிறது. மத்தி போன்ற மீன்களின் எண்ணெய்க்கு அது 150-ஐயும் தாண்டும். ஆகவே கடல் மீனெண்ணெய் டீசலைத் தனியே ஊற்றாமல், சாதாரண டீசலில் சிறு பங்காகக் கலந்து, நாள்பட வைக்காமல் செலவழிப்பதே முறை. பருவத்துக்குப் பருவம் ஓடி, இடையே மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் டிராக்டருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதை உழவர்களே எண்ணிக் கொள்ளலாம்.

மீனெண்ணெய்த் தொழிலுக்கும் நமது கூட்டுறவு இயக்கத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இதைப் பலர் மறந்துவிட்டனர். சென்னை மாகாணத்தில் கூட்டுறவுக்கு விதை ஊன்றியவர் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்பது நமது அங்கத்தினர்கள் கேள்விப்பட்ட செய்தியே. உழவர்களின் கடன் சுமையைப் பற்றி ஆராயுமாறு 1892-இல் பணிக்கப்பட்ட அவர், ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள கிராம வங்கிகளைக் கண்டு, 1895-லும் 1897-லும் இரண்டு பாகங்களாகத் தமது அறிக்கையை அளித்தார். ஜெர்மனியில் ஏழைக் குடியானவர்களைச் சங்கமாகத் திரட்டிய ராய்ஃபைசன் போன்ற ஒருவரை நாமும் தேடிக் காண வேண்டும் என்பதே அதன் சாரம். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபர் மாதத்தில் நமது காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று அதனைக் குறிப்பிடுவர். அதே நிக்கல்சன் தமது ஐ.சி.எஸ். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1905-இல் மீன்பிடித் தொழிலை ஆராயும் பொறுப்பை ஏற்றார். சென்னை மாகாண மீன்துறையை அமைத்து வளர்த்தவர் அவரே.

அப்பொழுது மலபார்க் கரையில் மத்தி மீன் ஏராளமாகக் கிடைக்கும். உண்டது போக மிகுந்ததைப் பழைய தோணிகளிலும் பானைகளிலும் போட்டு அழுகவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை மொண்டு எடுப்பார்கள். அல்லது மணலில் பரப்பிக் காயவைத்து எருவாக விற்பார்கள். எண்ணெய் கறுத்து நாறும். எருவில் பாதி மணல். நிக்கல்சன் தானூரில் ஓர் ஆய்வு நிலையம் வைத்து, மீனைப் புதிதாக இருக்கும்போதே இரும்புக் கொப்பரையில் வேகவைத்து, திருகு அழுத்தியில் பிழியும் எளிய முறையைச் செய்து காட்டினார். எண்ணெய் தெளிவாக வந்தது. பிண்ணாக்கு மணலின்றிச் சுத்தமான எருவாயிற்று. அந்த உத்தியை அரசாங்கம் தன் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. வந்து பார்த்தவர்கள் ஊர் திரும்பித் தாமும் கொப்பரை வைத்தனர். சில ஆண்டுகளில் மலபாரிலும் தென் கன்னடத்திலும் நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் தோன்றின. எருவைக் காப்பி, தேயிலைத் தோட்டக்காரர்கள் வாங்கினர். எண்ணெய்க்குச் சோப்பு ஒரு வழியாகத் தோன்றவே அதற்கும் சோதனை நடந்தது. கோழிக்கோட்டில் 1914-இல் தொடங்கிய அரசாங்கச் சோப்புத் தொழிலுக்கு மூலம் இதுதான்.

இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று இருக்கிறது. கொப்பரைகள் எங்கே வைக்கப்பட்டன? படகு கரையேறும் இடத்திலே வைக்கப்பட்டன. யார் வைத்தனர்? கடற்கரையில் வாழ்ந்தவர்கள் வைத்தனர். கோயம்புத்தூர் நெசவாளரோ தஞ்சாவூர் மிராசுதாரோ மத்தி எண்ணெய் ஆலை வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கரையோரத்தில் இருந்தவர்களுக்கே அத்தொழில் எப்பொழுதும் சீராக நடந்ததா எனில், அதுவுமில்லை. மத்தி கூட்டம் கூட்டமாக வரும் மீன். சில ஆண்டுகள் அறவே வராமலும் போகும். 1940-களில் மத்தி வரத்து அவ்வளவு குன்றியது, குஞ்சு மீனைப் பிடிப்பதற்கும் சில வலைகளுக்கும் சென்னை அரசாங்கம் தடை விதிக்க வேண்டியதாயிற்று. அண்மைக் கதையும் அதுவே. கேரளத்தில் 2012-ஆம் ஆண்டில் 3.9 லட்சம் டன் அளவுக்கு மத்தி பிடிபட்டது. 2021-இல் பிடிபட்டதோ 3,297 டன் மட்டுமே என்று கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. பிறகு மீண்டும் வரத்துக் கூடியது உண்மை. ஆனால் நூறில் ஒரு பங்காகக் குறையக் கூடிய மூலப்பொருளை நம்பி வங்கிக் கடன் வாங்குகிறவர், வட்டி மட்டும் குறையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இது நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த அலாஸ்காவில் உனலாஸ்கா என்னும் தீவில் பெரிய மீன் பதனிடும் ஆலைகள் உள்ளன. அங்கே யூனிசீ என்ற நிறுவனம், 2001-ஆம் ஆண்டு முதல் அலாஸ்கா மாநில அரசின் எரிசக்தி நிறுவனத்தோடு சேர்ந்து, மீன் கழிவு எண்ணெயை டீசலோடு கலந்து தனது மின்சார இயந்திரத்தில் எரித்துச் சோதித்தது. பாதிக்குப் பாதி கலந்தும் ஓட்டினர். எண்ணெயை மாற்றக்கூட இல்லை. அப்படியே வடிகட்டி ஊற்றினர். மெதுவாகச் சுழலும் மிகப் பெரிய இயந்திரமாதலால் அது தாங்கிற்று. வியட்நாமில் மீகாங் ஆற்றுப் பகுதியில், வளர்ப்புக் கெளுத்தி மீனைத் துண்டு போட்டு ஏற்றுமதி செய்யும் ஆலைகள் நெருங்கி அமைந்துள்ளன. அங்கே வெட்டி எறியும் கொழுப்பைப் பயோடீசலாக மாற்றும் முயற்சி இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தொடங்கியது. அந்தக் கொழுப்பு கடல் மீனெண்ணெய் போலச் சிக்குப் பிடிப்பதன்று. ஏறக்குறைய நெய் போல உறைவது. ஹோண்டுராஸ் நாட்டிலும் திலாப்பியா வளர்க்கும் நிறுவனம் ஒன்று தன் கழிவை எரிபொருளாக்கித் தன் வண்டிகளையே ஓட்டியது.

இம்மூன்று இடங்களிலும் கழிவும் கொப்பரையும் இயந்திரமும் ஒரே வேலிக்குள், அல்லது ஒரே ஆற்றங்கரையில் உள்ளன. கழிவுக்குச் சொந்தக்காரர் எவரோ, எரிபொருளைச் செலவிடுகிறவரும் அவரே. உனலாஸ்காவுக்கு டீசல் கப்பலில் வர வேண்டும். மீனெண்ணெயோ ஆலைக்குள்ளேயே இருக்கிறது.

நமது நிலைமை யாது? 2019-இல் செங்கற்பட்டு மாவட்டம் தனியே பிரிந்தபின் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லை! ஏனாத்தூரிலிருந்து மாமல்லபுரக் கரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். காசிமேடு இன்னும் தூரம். நமது ஏரிகளில் மீன் உண்டு. உத்திரமேரூர் ஏரியும் தென்னேரியும் நிரம்பிய ஆண்டுகளில் மீன் குத்தகை நல்ல தொகைக்குப் போவதும் உண்டு. ஆனால் ஏரி மீனை மக்கள் முழுதாக வாங்கி வீட்டில் ஆய்ந்து கொள்கிறார்கள். அதன் கழிவைப் பூனையிடமிருந்து பறித்து எண்ணெய் எடுக்க முடியுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் கழிவில் நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் கிடைப்பதாக வைத்துக் கொள்வோம். மீனின் வகையையும் பருவத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். அப்படியானால் எண்ணெய் 50 கிலோ. சேதாரம் போக 50 லிட்டர் எரிபொருள் தேறலாம். ஐந்து டன் ஏற்றிவரும் லாரி ஒரு நடையில் 250 லிட்டருக்கான சரக்கைக் கொண்டு வரும். போகவர 130 கிலோமீட்டருக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் அதுவே குடித்துவிடும். கழிவில் பெரும்பங்கு நீர். நாம் லாரி வைத்து இழுப்பது பெரும்பாலும் நீரைத்தான். பிண்ணாக்கை உலர்த்த வெயில் உதவாமல் நெருப்பையே நம்ப நேர்ந்தால், கிடைக்கும் எரிபொருளில் பெரும்பகுதி அடுப்புக்கே போய்விடும். எண்ணெயாகவே வாங்கி வந்தால் என்ன எனலாம். எண்ணெயாக ஆகிவிட்டால் அதற்கு வேறு வாடிக்கைக்காரர்கள் உண்டு. இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிலில் தோலை மிருதுவாக்க மீனெண்ணெய் காலங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இறால், மீன் தீவனம் செய்வோர் உலக மீனெண்ணெயில் பெரும்பங்கை வாங்கிக் கொள்கிறார்கள். 2023-இல் பெரு நாட்டில் நெத்திலி மீன்பிடிப்பின் முதற் பருவம் கைவிடப்பட்டபோது உலகச் சந்தையில் மீனெண்ணெய் விலை முன்னெப்பொழுதும் காணாத அளவுக்கு உயர்ந்தது. நல்ல எண்ணெயை எரிப்பது, கோரைப்பாய்க்குப் பட்டு நூலைப் பாவு போடுவதற்கு ஒப்பாகும். கெட்ட எண்ணெயோ, முன்பு சொன்னபடி, சோப்பாக முடியும். அந்தச் சோப்பைக் கொண்டு நமது பட்டு நூலைப் பசை நீக்கலாமே என்று வேடிக்கையாகச் சொன்னவரும் உண்டு. முகூர்த்தப் புடவையில் மீன் வாசனை வந்தால் பெண் வீட்டார் என்ன சொல்லுவார்கள் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

மெத்தனாலைப் பற்றித் தனியே சொல்லாமலிருக்க இயலாது. நம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குவது இதுவே. அது குடிக்கும் சாராயம் போலவே நிறமற்றது, மணமும் ஒட்டியதே. சிறிதளவு உட்சென்றாலும் கண் போகும், உயிரும் போகும். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொழிற்சாலைகளுக்கென வந்த பொருள் வழிதவறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. உரிமம், பூட்டு, அன்றாடக் கணக்கு, காவல் ஆகிய யாவும் சரியாக அமைந்த பெரிய ஆலையில் மெத்தனாலைக் கையாளலாம். நமது சங்கக் கிடங்கில், நூல் மூட்டைக்கும் உர மூட்டைக்கும் பக்கத்தில், மெத்தனால் பீப்பாய்களை அடுக்கி வைக்க எந்த நிர்வாகக் குழு துணியும்? இரவுக் காவலர் ஒருவரை நம்பி ஓர் ஊரின் உயிரை ஒப்படைக்கலாமா? ஒரு தமாஷும் இதில் உண்டு. அந்நிய நாட்டு எண்ணெயை நம்பியிராமல் தன்னிறைவு பெறவே பயோடீசல் என்கிறார்கள். நமது நாட்டில் செலவாகும் மெத்தனாலில் மிகப் பெரும்பங்கு இறக்குமதியாகி வருவதே.

அப்படியே டீசல் செய்துவிட்டாலும் நமக்குள் அதனை வாங்குகிறவர் யார்? கைத்தறிக்கு டீசல் வேண்டாம். கையும் காலுமே அதன் இயந்திரம். வீட்டு மின்சாரத்தில் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட்டும், விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் விலையின்றி அளிக்க 2023-இல் தமிழக அரசு ஆணையிட்டது. உழவர்களின் பம்ப்செட்டுகளுக்கு நெடுங்காலமாகவே மின்சாரம் இலவசம். மின் இணைப்புக்குக் காத்திருப்போரும், ஆயில் இயந்திரம் வைத்து இறைப்போரும் இன்றும் உண்டு. அவர்களுடைய துன்பத்தை நாம் சிறிதாகக் கருதவில்லை. ஆனால் டீசலில் நமது அங்கத்தினர்கள் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி உழவு வாடகையாகவும் அறுவடை வாடகையாகவும் போவது. சங்கம் இரண்டு டிராக்டர்களை வாங்கி நியாயமான வாடகைக்கு விட்டால் குறையும் செலவு, மீனெண்ணெய் ஆலை வைத்துக் குறைக்கக் கூடியதைவிட அதிகமாயிருக்கும் என்பது நமது துணிபு. வெளியாருக்கு விற்கலாமென்றாலோ, தர அளவுச் சோதனையும் அரசாங்க அனுமதியும் இன்றிப் பயோடீசலை விற்க 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் இடங்கொடா.

காட்டாமணக்கின் கதையை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2003-இல் திட்டக் கமிஷன் பெரிய பயோடீசல் இயக்கத்தை அறிவித்தது. 2011-12-க்குள் நாட்டின் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு விதை எண்ணெயாகும் என்றனர். தரிசு நிலத்தில் தண்ணீரின்றி விளையும், ஆடு தின்னாது, நோய் வராது என்று தமிழ்நாடெங்கும் நாற்றுக் கொடுத்தனர். ஆடு தின்னவில்லை; அது மட்டும் மெய். நீரில்லாத நிலத்தில் செடி நின்றது, காய் நிற்கவில்லை. வாங்குவதாகச் சொன்னவர்கள் பல இடங்களில் விலை பேசும் காலத்தில் காணப்படவில்லை. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று இலக்கைக் குறைத்துக் கொண்டது. அன்று நிலத்தைக் கொடுத்தவர் சிறு விவசாயி. நட்டத்தைச் சுமந்தவரும் அவரே. மீனெண்ணெய் விஷயத்தில் நிலத்துக்குப் பதில் சங்கத்தின் ஒதுக்கு நிதியைக் கேட்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதனால் மீன் கழிவே நமக்கு வேண்டாம் என்பது நமது கருத்தன்று. ஒரு டன் கழிவில் 50 லிட்டர் எரிபொருள் என்று கணக்கிட்டோமே, எண்ணெயும் நீரும் போன பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு ஏறத்தாழ 200 கிலோ இருக்கும். நிக்கல்சன் காலத்துத் தோட்டக்காரர்கள் தேடி வாங்கியது அதைத்தான். உலர்ந்த மீன் எருவில் நூற்றுக்கு 4 முதல் 10 பங்கு தழைச்சத்தும், 3 முதல் 9 பங்கு மணிச்சத்தும் உண்டு. தொழு உரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். சென்னை சாந்தோமில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், மீன் சந்தைக் கழிவிலிருந்து குளத்துக்கு ஒன்றும் செடிகளுக்கு ஒன்றுமாக இரு சத்துப் பொருள்களைச் செய்யும் முறையைக் கண்டு, சுய உதவிக் குழுக்களுக்கும் கற்பித்திருக்கிறது. பிளாங்க்டன் பிளஸ், ஹார்ட்டி பிளஸ் என்று அவற்றுக்குப் பெயர். இயற்கை வேளாண்மை செய்யும் நமது அங்கத்தினர்கள் மீன் அமிலம் தயாரிப்பதை அறிவார்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் கலந்து, வாயை இறுக மூடி, மூன்று வாரத்துக்கு மேல் நிழலில் வைத்தால் தேன்போன்ற திரவம் இறங்குகிறது. பத்து லிட்டர் நீருக்கு 100 மில்லிலிட்டர்வரை கலந்து நெல்லுக்கும் காய்கறிக்கும் தெளிக்கிறார்கள். இதற்கு மெத்தனால் வேண்டாம், கொதிகலன் வேண்டாம், உரிமத்துக்காக அலைய வேண்டாம். காஞ்சிபுரம் நகர மீன் அங்காடியில் நாள்தோறும் ஒதுங்கும் கழிவே ஒரு சிறு முயற்சிக்குப் போதும். நாற்றம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக இடம் பார்க்க வேண்டும்.

எண்ணெயின் உரிமையாளர் யார் என்று கேட்டால், மீனவர்களே என்று தயங்காமல் சொல்லுவோம். கோவளம் முதல் கடப்பாக்கம்வரை செங்கற்பட்டுக் கரையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கொப்பரையை இறங்குதளத்தில் அவர்கள் வைக்கட்டும். எண்ணெயைத் தோல் தொழிலுக்கு விற்பதா, தீவனத்துக்கு விற்பதா, படகு டீசலில் கலப்பதா என்பதை அன்றன்றைய விலையைப் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும். படகுகளுக்கு வரிவிலக்குப் பெற்ற டீசல் கிடைப்பதால், எரிப்பதைவிட விற்பதே ஆதாயம் என்று அவர்கள் கருதினாலும் வியப்பில்லை. நமது சங்கம் செய்யத் தக்கது, பிண்ணாக்கு எருவை ஆண்டு முழுவதும் இன்ன விலைக்கு இத்தனை டன் வாங்கிக் கொள்வோம் என்று எழுத்து மூலம் உறுதி கொடுப்பது. எருவுக்கு நிலையான வாடிக்கை இருந்தால்தான் எண்ணெய் எடுப்பதும் அவர்களுக்குக் கட்டும். தானூரில் கொப்பரை பெருகியதற்கு எண்ணெய் விலை எவ்வளவு காரணமோ, எரு வாங்கிய தோட்டங்களும் அவ்வளவு காரணம். கடற்கரைச் சங்கமும் உள்நாட்டுச் சங்கமும் இடைத்தரகரின்றிக் கைகோத்துக் கொள்ளும் இத்தகைய ஏற்பாட்டை நாம் பேசுவதோடு சரி; செய்தது குறைவு. அவர்களுக்கு வேண்டிய அரிசியையும் வேட்டி, துண்டையும் நமது பண்டகசாலையிலிருந்து அதே வண்டியில் அனுப்பலாமே. வெறும் வண்டியாக ஏன் போக வேண்டும்?

இளைஞர்கள் சிலர், புதிய தொழில் எதற்கும் பழைய தலைமுறை குறுக்கே நிற்கிறது என்று குறைப்படுகின்றனர். அக்குறையில் உண்மை உண்டு. அவர்களுடைய ஆர்வம் வீணாகலாகாது. ஏனாத்தூரிலேயே பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் இருக்கின்றன. இரசாயனக் கூடங்கள் இருக்கின்றன. பத்து லிட்டர் எண்ணெயை வைத்து அமில மதிப்பையும் அயோடின் மதிப்பையும் பார்ப்பதற்கும், ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஒரு சிறு அளவு பயோடீசல் செய்து பார்ப்பதற்கும் ஆலை வேண்டியதில்லை. அத்தகைய சோதனைக்குச் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கினால் நாம் ஆட்சேபிக்க மாட்டோம்; வரவேற்போம். உணவு விடுதிகளில் பொரித்துக் கழித்த எண்ணெயையும் அதே சோதனையில் சேர்த்துப் பார்க்கலாம். அது மீனெண்ணெயைவிட நமக்கு அருகில் இருப்பது. மீண்டும் மீண்டும் பலகாரம் சுடுவதற்கு அது திரும்பாமலிருந்தால் அதுவே ஓர் ஆதாயம்.

ஆலைத் திட்டத்தை மகாசபையில் வைக்க விரும்புவோர் வைக்கலாம்; அது அவர்களுடைய உரிமை. வைக்கும்போது கழிவையோ எண்ணெயையோ எந்தச் சங்கம், எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுகளுக்குத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது என்பதையும், மெத்தனாலை எங்கே யார் பொறுப்பில் வைப்பது என்பதையும், செய்த எரிபொருளை அங்கத்தினர்களில் எத்தனை பேர் வாங்குவதாகக் கையொப்பமிட்டிருக்கின்றனர் என்பதையும் காகிதத்தில் கொண்டு வர வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் மீண்டும் வாரியத்தில் அமர்த்தலாகாது என்று விதித்திருக்கிறது. நமது துணைவிதிகள் அவ்வளவு கடுமையானவையல்ல. பணத்தைப் போட்ட பிறகு கணக்குக் கேட்பதைவிட, போடுமுன் கேட்டுவிடுவதே நமக்கு எளிது. மீன் எருவைப் பற்றிச் செங்கற்பட்டுக் கரையின் மீனவர் சங்கங்களோடு கடிதப் போக்குவரத்தைத் தொடங்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டு அடுத்த மகாசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வரலாம். சம்பா நடவுக்கு முன்பே பதில் வந்துவிட்டால், இவ்வாண்டே ஒரு வண்டி எரு இறக்கிப் பார்த்துவிடலாம்.